வண்ணார்பேட்டை ட்ராகன்

கோலாலம்பூரில் பதினொரு மணி நேரம் விமானம் இல்லை.
சைனாடவுன் போனேன்.
தெரு முனையில் பச்சை ஓட்டு வளைவு,
தலைக்கு மேல் சிவப்பு விளக்குகள்,
கடைக்கொரு பொன்னிறப் பூனை
வா வா என்று கையாட்டிக்கொண்டே இருந்தது.
ஊதுபத்திக் கட்டைப் பிள்ளையைப்போல் அணைத்தபடி
ஒருவர் கோயிலுக்குள் போனார்.
இதுதான் சீனா என்று
படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் ஃபோஷானில்
அந்தச் சீனாவைத் தேடினேன்.
முப்பது மாடி. முப்பது மாடி.
நடுவில் ஒரு மேம்பாலம். மறுபடி முப்பது மாடி.
நோட்டை நீட்டினால் முழிக்கிறார்கள்,
செல்போனைக் காட்டு என்கிறார்கள்.
விளக்குகள் இருந்தன,
பழைய தெரு என்று புதிதாய்க் கட்டிய தெருவில்.
உள்ளே போக டிக்கெட்.
மெஷின் மட்டும் சொன்னபடி ஓடியது,
நிமிஷத்துக்கு நூற்றிருபது காகிதக் கப்.
கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆனியில் மெஷின் கங்கைகொண்டான் வந்து சேர்ந்தது.
பின்னாலேயே லியாங் வந்தார்,
ஒரு ஸ்பேனர் பெட்டி, ஒரு வெந்நீர்க் குடுவை.
நாலு நாளாய் இட்லியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்,
பழுது எங்கே என்று தேடுகிறவர் மாதிரி.
"மேடம், வண்ணார்பேட்டையில சைனீஸ் கெடைக்கும்லா"
என்றான் டிரைவர் கொம்பையா.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
ஆறுமுகநயினாரின் தள்ளுவண்டி.
பெய்ஜிங் பாஸ்ட்புட்.
பலகையில் ஒரு ட்ராகன்.
கொடைக்குச் சுடலை படம் எழுதுகிற யாரோ வரைந்திருக்க வேண்டும்,
முறுக்கு மீசை, உருட்டிய விழி,
கையில் வல்லயம் ஒன்றுதான் பாக்கி.
இரும்புச் சட்டி நெருப்புக்குள் துள்ளியது.
முட்டைகோஸ், கறிவேப்பிலை, அஜினமோட்டோ,
செஸ்வான் என்று பெயர் வைத்த
நம்மூர் வற்றல் சிவப்பு.

லியாங் ஒரு வாய் சாப்பிட்டார்.
கண்ணில் தண்ணீர் கட்டியது.
ஊர் ஞாபகம் என்று நினைத்தேன்.
காரம்.
இன்னொரு வாய். இன்னொரு வாய்.
செல்போனிடம் எதையோ சொல்ல
அது செய்தி வாசிக்கும் தமிழில் சொன்னது:
"மிகவும் சுவையாக உள்ளது.
இது எந்த நாட்டு உணவு?"

ஆறுமுகநயினார் கரண்டியை நிறுத்தினார்.
"என்ன சொல்லுதாவ?"
சொன்னேன்.
"நம்ம நாடுதாம்னு சொல்லுங்கம்மா" என்று
இன்னொரு கரண்டி அள்ளி வைத்தார்.
நம்ம என்கையில் அந்தக் கரண்டி
லியாங்கையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டது.

திரும்பும்போது காரில் செல்போன் பேசியது:
"என் பெரியப்பா கோலாலம்பூரில் இருக்கிறார்.
எங்கள் தெருக் கிணறு எப்படி இருக்கிறது
என்று கேட்பார்.
அங்கே மெட்ரோ ஸ்டேஷன் வந்துவிட்டது.
நன்றாக இருக்கிறது என்று சொல்வேன்."

நான் ஒன்றும் பேசவில்லை.
அந்தப் பதினொரு மணி நேரத்தில்
நானும் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன்.
பரிமாறியவள் பெயர் மரகதவடிவு.
அங்கேயே பிறந்தவள், இந்தப் பக்கம் வந்ததே இல்லை.
எந்தூரு என்றாள். சொன்னேன்.
சோதியை இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கேட்டாள்,
"குறுக்குத்துறை முருகன் இந்த வருசம் முங்கிட்டாரா?"
மழை பொய்த்த வருஷம் அது,
ஆற்றில் மணல் தெரிந்தது.
"முங்கிட்டாரு" என்றேன்.
அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கெஸ்ட் ஹவுஸ் வாசலில் இறங்கியபோது
லியாங்கின் செல்போன் கிணுங்கியது.
வண்டிப் பலகையைப் படம் எடுத்துப்
பெரியப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்.
கரகரத்த குரலில் ஒரு பதில்.
அதைத் தமிழில் மாற்றி எனக்குக் காட்டினார்.
மூன்றே சொல்:
"மீசை சரியாக உள்ளது."